தொப்புள்கொடி இரத்தம்: எறிவதா, கொடுப்பதா, காப்பதா?

பிறந்த ஊரைப் பற்றிப் பேசும்போது "தொப்புள்கொடி புதைத்த மண்" என்று சொல்வது நம் தோட்டங்களில் வழக்கம். லயத்துக்குப் பின்னால் குழிவெட்டி நச்சுக்கொடியைப் புதைத்த காலம் மலையேறிவிட்டது. இன்று நம் தாய்மார் ஆஸ்பத்திரியில் பிரசவிக்கிறார்கள். கொடியும் நஞ்சும் அங்கேயே கழிவாக அகற்றப்படுகின்றன. ஆனால் அந்தக் கொடியில் எஞ்சும் இரத்தம் நோயுற்ற ஒரு பிள்ளைக்கு உயிர் கொடுக்கக்கூடும் என்கிறது மருத்துவம். அதைத் தானம் செய்யலாமா? பணம் கட்டிச் சேமிக்க வேண்டுமா? இக்கேள்விகளை இப்பாடத்தில் சிந்திப்போம்.

1. கொடியில் இருப்பது என்ன?

எலும்பு மச்சையில் நம் இரத்தத்தை உருவாக்கும் மூல உயிரணுக்கள் இருக்கின்றன. இதே உயிரணுக்கள் தொப்புள்கொடி இரத்தத்திலும் உண்டு. 1988 ஒக்டோபரில் பரிஸ் நகரின் சென் லூயி மருத்துவமனையில் பேராசிரியை எலியான் குளுக்மன், கடும் இரத்த நோயுற்ற அமெரிக்கச் சிறுவன் ஒருவனுக்கு, அவனுடைய தங்கை பிறந்தபோது சேகரித்த கொடி இரத்தத்தைச் செலுத்தினார். அவன் நலமடைந்தான். இதுவே உலகின் முதல் கொடி இரத்த மாற்றுச் சிகிச்சை. அதன் பின்னர் 1992இல் நியூயோர்க் இரத்த நிலையம் பொது வங்கியை ஆரம்பித்தது.

குழந்தை பிறந்து கொடி வெட்டப்பட்ட பின்னரே இரத்தம் எடுக்கப்படுகிறது. தாய்க்கும் சேய்க்கும் நோவில்லை. பையில் சேரும் இரத்தம் பெரும்பாலும் ஒரு சிறு குவளை அளவுதான். தாயின் இரத்தத்தில் எயிட்ஸ் கிருமி, ஈரல் அழற்சி, மேகநோய் ஆகியவை சோதிக்கப்படும். பின்னர் உயிரணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டு, திரவ நைதரசனில் பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகை குளிரில் வைக்கப்படும். பயிற்சி பெற்ற தாதியரும் இரண்டு நாட்களுக்குள் எட்டக்கூடிய ஆய்வுகூடமும் தேவை. ஆகவே எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இதைச் செய்ய இயலாது.

2. பொது வங்கியும் தனியார் வங்கியும்

பொது வங்கி, இரத்த வங்கியைப் போன்றது. கொடுப்பவர் பணம் கட்டுவதில்லை. கொடுத்த இரத்தம், பொருத்தமுள்ள எந்த நோயாளிக்கும் போகும். தனியார் வங்கி உங்கள் பிள்ளைக்கென்றே சேமித்து, அதற்குக் கட்டணம் அறவிடும். "பிள்ளையின் எதிர்காலத்துக்குக் காப்புறுதி" என்று விளம்பரமும் செய்யும்.

இங்கே ஏமாறக்கூடாது. தலசீமியா போன்ற பரம்பரை நோய் ஒரு பிள்ளைக்கு இருந்தால், அதே குறை அப்பிள்ளையின் கொடி இரத்தத்திலும் இருக்கும். அது அவனைக் குணப்படுத்தாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் தனியார் சேமிப்பைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. தோட்டைக் கழற்றி அடகு வைத்தோ, கடன்பட்டோ இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

நம் மொழி பேசும் மக்களிடையே இம்முயற்சி சென்னையில் நடந்தது. 1995இல் தோன்றிய ஜீவன் இரத்த வங்கி, 2008ஆம் ஆண்டளவில் பொதுக் கொடி இரத்த வங்கியைத் தொடங்கியது. அதன் வழிவந்த நிறுவனமும், 2009இல் சென்னையில் தோன்றிய தாத்ரி அமைப்பும் வளர்ந்தோரிலிருந்து மூல உயிரணுக் கொடையாளரைப் பதிவு செய்கின்றன. இது நமக்கும் தூரத்துச் செய்தியல்ல. இழையப் பொருத்தம் பரம்பரையாக வருவது. நம் முன்னோர் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கமிருந்து வந்தவர்கள். "தொப்புள்கொடி உறவு" என்று மேடையில் சொல்வது இவ்விடயத்தில் இரத்தத்திலேயே எழுதப்பட்ட உண்மை.

3. ஊவாவில் இது ஏன் முக்கியம்?

தலசீமியா பரவலாகக் காணப்படும் மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மலேரியா நிலவிய பிரதேசங்களில் இந்நோயின் காவிகள் அதிகம். காவிகளுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு இருந்ததே காரணம். ஊவாவில் தலசீமியாச் சிகிச்சை, தடுப்பு பற்றி வைத்தியர் முதியன்சே நடத்திய பொதுமக்கள் கருத்தாய்வு 2006இல் வெளியானது.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தாய் கொழுந்து பறிக்கிறாள். மூத்த பிள்ளைக்குத் தலசீமியா. மூன்று, நான்கு வாரத்துக்கொருமுறை பிள்ளையைப் பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் ஏற்ற வேண்டும். அன்றைய பெயர் போய்விடும். உடலில் சேரும் இரும்பை அகற்ற மருந்தும் வேண்டும். இப்போது அவள் மீண்டும் கர்ப்பமாக இருக்கிறாள். பிறக்கும் குழந்தையின் கொடி இரத்தம் மூத்தவனைக் காக்குமா?

காக்கக்கூடும். பெற்றோர் இருவரும் காவிகளானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள பிள்ளை பிறக்கும் வாய்ப்பு 4இல் 1. உடன்பிறந்தவருக்கு இழையம் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பும் 4இல் 1. இவ்விரண்டும் ஒன்றையொன்று சாராதவை. எனவே நோயில்லாமலும் பொருத்தமாகவும் ஒரு குழந்தை பிறக்கும் வாய்ப்பு 16இல் 3. பொருந்தினால் பலன் நல்லது. ஆனால் உறவல்லாதவரின் கொடி இரத்தம் தலசீமியாவில் பலமுறை ஒட்டாமற் போயிருக்கிறது. பொது வங்கி இரத்தம் பெரிதும் பயன்பட்டது இரத்தப் புற்றுநோய் போன்றவற்றில்தான்.

ஆகவே இத்தகைய தாய், கர்ப்பகாலக் கிளினிக்கிலேயே மூத்த பிள்ளையின் நோயைச் சொல்லி, வைத்தியரிடம் ஆலோசனை கேட்க வேண்டும். வீட்டில் வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுடைய பொருத்தத்தையும் முதலில் சோதிக்கலாம்; காவியான உடன்பிறப்பும் கொடுக்கலாம்.

4. முதல் உரிமை யாருக்கு?

கொடியை உடனே வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்த நேரத்தில் நஞ்சிலுள்ள இரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. முதல் மாதங்களுக்கு வேண்டிய இரும்புச்சத்து அதில் கிடைக்கிறது. இரத்தச்சோகை மிகுந்த நம் தோட்டங்களில் இது பெரிய சொத்து. பொறுத்து வெட்டினால் வங்கிக்குக் கிடைக்கும் அளவு குறையும். அதற்காகக் குழந்தையின் பங்கை அவசரப்பட்டுப் பறிக்கக்கூடாது. அவ்விரத்தம் முதலில் குழந்தைக்கு, மிஞ்சினால் அயலானுக்கு.

திருச்சபையும் இதற்குத் தடை சொல்லவில்லை. 2008இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஒப்புதலுடன் வெளியான 'மனித மாண்பு' பற்றிய போதனை, பிறப்பின்போது கொடி இரத்தத்திலிருந்து மூல உயிரணுக்களைப் பெறுவது முறையானதே என்கிறது. வழியில் காயமுற்றுக் கிடந்தவனின் ஊரையும் குலத்தையும் நல்ல சமாரியன் விசாரிக்கவில்லை. பொது வங்கியின் உட்பொருளும் அதுவே.

5. நாம் செய்யக்கூடியவை

அ. கொடி இரத்தம் கொடுக்கும் வசதி எல்லாத் தாய்மாருக்கும் கிட்டாது. ஆனால் வளர்ந்தோரின் இரத்தம் இப்போதே தேவை. 18 முதல் 60 வயதுக்குட்பட்ட, 50 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள, சுகதேகிகள் நான்கு மாதத்துக்கொருமுறை கொடுக்கலாம். இரத்தச்சோகையால் திருப்பியனுப்பப்படும் பெண்கள் வெட்கப்பட வேண்டாம்; அவர்கள் பெறவேண்டியவர்கள்.

ஆ. கல்யாணம் பேசுமுன் இளைஞரும் யுவதியரும் தலசீமியா இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் முடிக்கும் குடும்பங்களுக்கு இது மிக அவசியம். காவியாயிருப்பது நோயல்ல, குற்றமுமல்ல. இரண்டு காவிகள் மணப்பதே ஆபத்து.

இ. இரத்தம் ஏற்றப் போகும் பிள்ளையின் தாய்க்கு அன்றைய வீட்டு வேலையிலும் பஸ் செலவிலும் அயலார் கைகொடுக்கலாம்.

குழுவில் கலந்துரையாட

1. நமது தோட்டத்தில் மாதந்தோறும் இரத்தம் ஏற்றும் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் வீட்டை நாம் அறிவோமா?

2. காவி என்று தெரிந்த பெண்ணின் கல்யாணப் பேச்சை நாம் எப்படிக் காக்கிறோம், எப்படிக் கெடுக்கிறோம்?

3. அடுத்த திருவிழாவோடு இரத்ததான முகாமொன்று நடத்த யார் முன்வருவார்?