சாயம் கூறும் சான்று

சில ஆண்டுகளுக்கு முன், எம்மிடம் கற்ற தோட்டப்புற மாணவனொருவனின் தந்தையார், மடித்த ஆங்கில அறிக்கையொன்றை எம் கையிற் கொடுத்து, “மூளையில கட்டின்னு எழுதியிருக்காம், ஐயா, பாத்துச் சொல்லுங்க” என்றார். அறிக்கையோ அவருடைய ஈரலிலிருந்து எடுத்த சிறு இழையத்தைப் பற்றியது. ‘நியூரோ’ என்ற சொல்லைக் கண்ட எவரோ மூளை என்று பொருள் கூறிவிட்டனர். இலக்கணம் கற்பிக்கும் எமக்கும் அதற்குமேல் விளங்கவில்லை. பேராதனை மருத்துவ பீடத்திற் பயின்ற எம் பழைய மாணவரொருவரை நாடினோம். அவர்பாற் கேட்டறிந்ததையும் பின்னர்க் கற்றதையும் ஈண்டு எழுதுகின்றோம்.

குடல், சதையி, நுரையீரல் முதலிய உறுப்புகளிற் சிதறிக் கிடக்கும் ஒருவகைக் கலங்கள், நரம்புக் கலத்தின் இயல்பு சிலவும் சுரப்பியின் இயல்பு சிலவும் உடையன, ஓமோன்களைச் சுரப்பன. இவற்றில் எழுவதே நரம்பகஞ்சுரப்புக் கட்டி. 2018 இல் இந்நோய் தமக்குளதென அறிவித்த இந்தி நடிகர் இர்பான் கானும், ‘நியூரோ’ என்பது எப்போதும் மூளையைக் குறிப்பதன்று என்று தாமே விளக்க நேர்ந்தது.

இழையத்தை மெல்லிய சீவலாக்கி நுணுக்குக்காட்டியில் வைத்தால் நிறமற்ற படலமே தெரியும். ஆதலின் சாயம் வேண்டும். கண்டிப் பகுதியில் பலாவின் வைரத்தைச் சீவி வேகவைத்துத் துறவாடைக்கு நிறமேற்றும் வழக்கத்தை அறிவோம். ஈமற்றொட்சிலின் என்னும் சாயமும் மெக்சிக்கோ நாட்டு மரமொன்றின் வைரத்திலிருந்தே பெறப்பட்டது. படிகாரம் சேர்ந்தாற் பற்றிக்கொள்ளும். அது கருவை நீலமாக்கும். இயோசின் மற்றப் பகுதியை இளஞ்சிவப்பாக்கும். அப்போது இக்கட்டியின் கருக்கள் உப்பும் மிளகும் தூவினாற்போற் காணப்படும். ஆயினும் இஃது ஐயத்தை எழுப்புமேயன்றி முடிவு கூறாது.

1907 இல் ஜேர்மனிய மருத்துவர் ஒபெண்டோர்பர் குடலிற் கண்ட இத்தகைய கட்டிகளுக்குப் ‘புற்றுப்போலி’ எனப் பொருள்படும் பெயரை இட்டார். தீங்கற்றவை என்பது அவர் கருத்து. 1929 இல் அவரே அதனைத் திருத்தினார், பெயரோ திருந்தவில்லை. பிழையான பெயர் எத்துணைக் காலம் வாழும் என்பதற்கு இஃதொரு சான்று. 1914 இல் பிரான்சிய அறிஞர் மசோன், வெள்ளியுப்புக் கரைசலில் இக்கலங்கள் கறுப்பதைக் காட்டி, இவை அகஞ்சுரப்பன என்றார். கலத்திலுள்ள செரட்டோனின் வெள்ளியைப் பிரித்துக் கருமையாகப் படியச் செய்கின்றது.

வெள்ளியின் இடத்தைப் பின்னர்ப் பிறபொருளெதிரிகள் பெற்றன. ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பற்றும் இவற்றை வேண்டிய அளவு ஆக்கும் வழியை 1975 இல் கோலரும் மில்ஸ்டீனும் கண்டனர். பற்றிய இடத்தில் மண்ணிறம் தோன்றுமாறு செய்வர். குரோமோகிரானின், சினாற்றோபைசின் ஆகிய இரண்டுக்கும் நிறம் தோன்றினால் இனம் பெரிதும் உறுதியாம். கெரற்றின் என்னும் புரதமும் இருப்பின் கட்டி மேலணியிழையத்தினது; அஃது இல்லையெனின் அதிரீனற் சுரப்பி போன்றவற்றிலெழும் வேறுவகையோ என ஆராய்வர்.

ஆனால் மெல்ல வளரும் கட்டியும், விரைந்து கொல்லும் சிறுகலப் புற்றும் சினாற்றோபைசினை ஒருங்கே ஏற்கும். கலங்களின் தோற்றத்தோடு கீ-67 என்னும் சாயமும் இவற்றைப் பிரிக்க உதவும். ஜேர்மனியின் கீல் நகரில் 1983 இல் வெளிவந்த இது, பிரிவுறும் கலங்களின் கருவை மட்டும் நிறமாக்கும். குடல், சதையிக் கட்டிகளில் நூற்றுக்கு 3 இற்குக் குறைந்தால் முதற்றரம். 20 வரை இரண்டாந்தரம். அதற்கு மேல் மூன்றாந்தரம். சிறுகலப் புற்றில் எண் பெரும்பாலும் 50 ஐயும் தாண்டும். உடனே கடும் மருந்து வேண்டும். முதற்றரத்தார்க்கு ஓமோனை அடக்கும் ஊசியோடு பல்லாண்டு வாழவும் கூடும்.

அத்தந்தையாரின் தாளில் முன்னிரண்டு சாயங்களும் ஏற்றிருந்தன. கீ-67 நூற்றுக்கு 2. குடற்கலங்களின் கருவிலுள்ள சீ.டி.எக்ஸ்.-2 என்னும் புரதமும் தெரிந்தது. நுரையீரலைச் சுட்டும் ரீ.ரீ.எஃப்.-1 தெரியவில்லை. ஈரலிற் கண்ட கட்டி சிறுகுடலிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றார் எம் மாணவர்.

அவரிடம் இவற்றைக் கூறியபோது, “அப்ப மூளையில இல்லீங்களா?” என்று இருமுறை கேட்டார். வீட்டாருக்குக் காட்டத் தமிழில் எழுதித் தருமாறு வேண்டினார். தாளின் பின்புறத்தில், “மூளையன்று, குடல். மெல்ல வளர்வது. மாதந்தோறும் கிளினிக்குக்குத் தவறாது செல்லவும்” என்றெழுதிக் கொடுத்தோம்.