ஆயிரம் பேருக்குத் தண்ணீர்

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிப் புதுச்சேரி நோக்கிச் செல்லும் வழியில் கீழ்புத்துப்பட்டு வரும். இங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உள்ளது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின், 2012 வரை, சுமார் 3 லட்சம் பேர் தமிழ்நாட்டுக்கு அகதிகளாக வந்தனர். பலரை மண்டபத்தில் பதிவு செய்து, பல மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். ஏன் பிரிக்க வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஓர் ஊரில் திடீரென ஆயிரம் பேர் வந்து இறங்குகிறார்கள். நிவாரணப் பணியாளர்கள் பின்பற்றும் ‘ஸ்பியர்’ கையேட்டின்படி ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆக 15,000 லிட்டர். 20 பேருக்கு ஒன்று வீதம் 50 கழிப்பறைகள். கழிப்பறைக் குழிக்கும் கிணற்றுக்கும் 30 மீட்டராவது இடைவெளி வேண்டும். இல்லையேல் காலரா வந்துவிடும்.

கிணற்றை ஆழமாக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். கடற்கரை மணலில் அது நடக்காது. அங்கே நல்ல நீர், கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. நல்ல நீர் மட்டம் 1 மீட்டர் தாழ்ந்தால், கீழேயுள்ள உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் வரை மேலேறக்கூடும்! ஆழத் தோண்டினால் உப்புக்குத்தான் அருகே போவோம்.

இன்னொன்று: அந்த 15 லிட்டர் நெருக்கடி நாட்களுக்கு வகுத்த அளவு. தமிழ்நாட்டு முகாம்களிலோ, அங்கேயே பிறந்து, வளர்ந்து, பெற்றோரும் ஆகிவிட்டவர்கள் இருக்கிறார்கள்.