செந்நீரும் சிவப்பணுவும்

குருதிக்குச் செந்நீர் என்றொரு பெயர் நம் மொழியில் உண்டு. பெயர் அழகியதே; ஆயினும் முற்றும் பொருந்துவதன்று. குருதியின் நீர்ப்பகுதி வெளிர்மஞ்சள் நிறத்தது. அதில் மிதந்து செல்லும் சிவப்பணுக்களே அதற்குச் செந்நிறம் தருவன. ஹாலந்து நாட்டு லீவன்ஹூக் என்பார் தாமே செய்த உருப்பெருக்கிக் கண்ணாடியால் 1674-ஆம் ஆண்டில் இவற்றைக் கண்டு விரித்தெழுதினார். ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஏறக்குறைய 50 லட்சம் அணுக்கள் உள்ளன.

இவற்றின் தொழில் யாது? நுரையீரலில் பிராணவாயுவை ஏற்று உடலெங்கும் கொண்டு சேர்த்தலாம். இத்தொழிலுக்கு இவற்றின் வடிவம் இயைந்திருக்கும் திறம் வியக்கத்தக்கது. இருபுறமும் நடுவில் குழிந்த ஒரு வட்டத் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்பணுவின் வடிவம் அதுவே. உருண்டையாக இருப்பின், அதே கொள்ளளவுக்கு மேற்பரப்பு குறையும். வாயு நடுப்பகுதியைச் சென்றடையவும் காலம் தாழ்க்கும். குழிந்த தட்டிலோ உள்ளிருக்கும் எப்பகுதியும் மேற்பரப்புக்கு அண்மையதே.

அணுவின் குறுக்களவு ஏறத்தாழ 7.5 மைக்ரான். 130 அணுக்களை வரிசையாக வைத்தாலும் ஒரு மில்லிமீட்டர் நிறையாது. தந்துகிகள் சில இதனினும் ஒடுங்கியவை. காற்றடைத்த பந்து அவ்வழியே நுழையுமா? இவ்வணுவோ மடங்கியும் நீண்டும் நுழைந்து, அப்பாற் சென்று பழைய வடிவம் கொள்ளும்.

உயிரணுவுக்கு உட்கரு உண்டு என்று படித்திருப்பீர்கள். தவளையின் சிவப்பணுவிலும் கோழியின் சிவப்பணுவிலும் அஃது உண்டு. நம் சிவப்பணுவோ, எலும்பு மஜ்ஜையில் முதிரும்போதே அதனை வெளியே தள்ளிவிடுகிறது. அவ்விடத்தையும் ஹீமோகுளோபின் என்னும் இரும்புச்சத்துடைய புரதம் கொள்கிறது. ஓரணுவில் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றும் நான்கு பிராணவாயு மூலக்கூறுகளைப் பற்றும். வாயு மிகுந்த நுரையீரலில் பற்றுதலும், அது குறைந்த தசையில் விடுதலும் அதன் இயல்பு.

பிராணவாயுவைச் செலவிட்டு ஆற்றல் பெறும் உறுப்புகளும் இவ்வணுவில் இல்லை. ஆதலால் சுமக்கும் பொருளை வழியில் தான் உண்பதில்லை. போரடிக்கும் மாட்டுக்கு வாய்க்கூடு கட்டுகிறோம். இதற்கோ வாயே இல்லை! ஆனால், உட்கருவைத் துறந்த இவ்வணு தன் பழுதைத் தானே புதுப்பிக்க மாட்டாது. ஏறக்குறைய 120 நாளில் அதன் வாழ்வு முடிகிறது.

இவ்வடிவம் கெட்டால் என்னாகும்? ஹீமோகுளோபினில் நேரும் ஒரு சிறு மாறுதலைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தையின் சிவப்பணு, வாயுவை விட்டபின் அரிவாள்போல் வளைந்து விறைக்கும், தந்துகியை அடைக்கும், கை கால் மூட்டுகளிலும் எலும்புகளிலும் கடுநோவு தரும். நீலகிரி மலைவாழ் மக்களிடையே இம்மாறுதல் உண்டென்பது 1952-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இத்தகைய அணுக்கள் 10 முதல் 20 நாள் வரையே வாழ்கின்றன. மஜ்ஜை எத்துணை விரைந்து புதியன செய்தும் அவ்விழப்பு ஈடாவதில்லை.