புல்வெட்டும் மிஷின்: பெட்ரோலா, பேட்டரியா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்



நம்ம கூட்டமைப்பில் பல குழுக்கள் இப்போது பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், குடியிருப்பு வளாகம் என்று தோட்டப் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்கிறார்கள். எங்கள் குழுவிலும் ஐந்து பேர் இந்த வேலையில் இருக்கிறோம். சின்னச் சின்னப் புல்தரைகள்தான். ஒவ்வொன்றும் 5 சென்ட், 6 சென்ட் இருக்கும். ஆறு வருஷமாக ஒரே பெட்ரோல் மிஷின். போன வருஷம் "பேட்டரி மிஷின் வாங்கலாமா?" என்ற பேச்சு வந்தது. மூன்று கூட்டம் பேசித்தான் முடிவு எடுத்தோம். நாங்கள் கற்றுக்கொண்டதை இந்தப் பாடத்தில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பேச்சு எப்படித் தொடங்கியது?

பணத்தில் தொடங்கவில்லை. எங்களில் மூத்த அக்கா ஒருநாள் கூட்டத்தில் சொன்னாங்க: "ராத்திரியில கை மரத்துப் போகுதுங்க. டம்ளரைப் புடிச்சா நழுவுது. காதுக்குள்ள எந்நேரமும் வண்டு சுத்தற மாதிரி இருக்குது." நாங்கள் வயசுக் கோளாறு என்றுதான் நினைத்தோம். டாக்டரிடம் அழைத்துப் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மிஷின் புடிக்கறீங்க?" என்பதுதான்.

பெட்ரோல் மிஷின் உடம்பை என்ன செய்கிறது?

1. புகை: தோளில் மாட்டும் மிஷின்களில் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தான். இதில் ஆயிலைத் தனியாக ஊற்றுவதில்லை, பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிறோம். புதுக் கலவை உள்ளே நுழையும்போதே பழைய புகை வெளியே போகிறது. அதனால் எரியாத பெட்ரோலும் ஆயிலும் புகையோடு சேர்ந்து வெளியே வருகின்றன. எஞ்சின் நம்ம இடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அந்தப் புகையைத்தான் நாம் மூச்சில் இழுக்கிறோம். பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் இருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்கக் கூடியது.

2. சத்தம்: அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு அளவு சொல்கிறது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. இப்படியே போனால் 100 டெசிபலில் வெறும் 15 நிமிஷம்தான். பெட்ரோல் மிஷின் பல நேரம் இந்த 100ஐ ஒட்டித்தான் கத்துகிறது. நாங்கள் காதில் பஞ்சுகூட வைக்காமல் மணிக்கணக்காக வேலை செய்திருக்கிறோம்.

3. அதிர்வு: கைப்பிடி நடுங்கிக்கொண்டே இருந்தால் விரல்களின் நரம்பும் ரத்த ஓட்டமும் கெடும். முதலில் மரத்துப் போகும், பிறகு பிடி தளரும்.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2021ஆம் ஆண்டு இதற்காகவே ஒரு சட்டம் வந்தது. பெட்ரோல் புல்வெட்டி ஒரு மணி நேரம் ஓடினால், ஒரு கார் சுமார் 480 கிலோமீட்டர் ஓடியதற்குச் சமமாகக் காற்று கெடுகிறது என்று அந்த மாநிலத்தின் காற்று வாரியம் கணக்குச் சொன்னது. 2024 மாடல் முதல் புதிய தோட்டக் கருவிகள் புகை இல்லாதவையாக இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள்.

சரி, இனி பணக் கணக்கு

கடைக்காரர் எங்களிடம், "பெட்ரோலுக்கு மணிக்கு 80 ரூபாய், கரண்டுக்கு 4 ரூபாய், மீதி எல்லாம் லாபம்" என்றார். கேட்கும்போது இனித்தது. எங்கள் கணக்காளர் தங்கச்சிதான், "பேட்டரி என்ன சாகாவரம் வாங்கி வந்துதா? அதுக்கும் கணக்கு எழுதுங்க" என்றாள். அவள் கேட்டது ரொம்ப சரி.

எங்களுக்குப் புல்தரை வேலை வாரம் 4 மணி நேரம், வருஷத்துக்கு 200 மணி நேரம். நாங்கள் போட்ட கணக்கு இது. விலைகள் உங்கள் ஊரில் மாறும், முறை மாறாது.

பெட்ரோல் மிஷின் (ஒரு வருஷத்துக்கு):
- மணிக்கு முக்கால் லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றால் 75 ரூபாய்
- கலக்கும் ஆயில் மணிக்கு 7 ரூபாய்
- ஆக மணிக்கு 82 ரூபாய். 200 மணிக்கு 16,400 ரூபாய்
- ஸ்பார்க் பிளக், ஃபில்டர், கார்புரேட்டர் வேலை 2,000 ரூபாய்
- மொத்தம் 18,400 ரூபாய்

பேட்டரி மிஷின் (ஒரு வருஷத்துக்கு):
- ஒரு சார்ஜில் அரை மணி நேரம். அப்படியானால் 200 மணிக்கு 400 சார்ஜ்
- ஒரு சார்ஜுக்கு 0.2 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் 2 ரூபாய். 400 சார்ஜுக்கு 800 ரூபாய்
- சில்லறைச் செலவு 400 ரூபாய்
- கையை விட்டுப் போவது 1,200 ரூபாய்

வித்தியாசம் வருஷத்துக்கு 17,200 ரூபாய், மாதம் சுமார் 1,430 ரூபாய். இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நாம் நிறுத்தக் கூடாது.

ஒரு பேட்டரி 8,000 ரூபாய். 500 சார்ஜ் வரும் என்று வைத்துக்கொண்டோம். இரண்டு பேட்டரி மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டரை வருஷம், அதாவது 30 மாதம். அப்போது 16,000 ரூபாய் வேண்டும். அதற்காக மாதம் 550 ரூபாய் தனியாக எடுத்து வைக்க வேண்டும். ஆக உண்மையான மிச்சம் மாதம் 880 ரூபாய்தான்.

மிஷின், சார்ஜர், இரண்டு பேட்டரி எல்லாம் சேர்த்து எங்களுக்குச் சொன்ன விலை 30,000 ரூபாய். மாதம் 880 வைத்துப் பார்த்தால் போட்ட பணம் திரும்ப 34 மாதம் ஆகும். ஆனால் பழைய மிஷின் கெட்டுப்போய், எப்படியும் 12,000 ரூபாய்க்குப் புது பெட்ரோல் மிஷின் வாங்க வேண்டிய நிலை என்றால், கூடுதல் செலவு 18,000 மட்டும்தான். அது 20, 21 மாதத்தில் திரும்பிவிடும்.

இந்தக் கணக்கில் தெரிவது என்ன?

- மிஷின் நன்றாக ஓடினால், பணத்துக்காக மட்டும் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.
- மிஷின் சாகும் தருவாயில் இருந்தால் யோசிக்காமல் பேட்டரிக்கு மாறலாம்.
- வாரம் ஒரு மணி நேர வேலைதான் என்றால் மாதம் 880 என்பது 220 ஆகிவிடும். அதற்காகக் கடன் வாங்கக் கூடாது. 1 சென்ட், 2 சென்ட் புல்தரைக்குக் கையால் தள்ளும் உருளைப் புல்வெட்டியே போதும். அதற்கு எண்ணெயும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.
- புதர், கரும்புச் சோகை, ஆள் உயரக் கோரை என்றால் சின்ன பேட்டரி மிஷின் திணறும்.

நாங்கள் என்ன செய்தோம்?

எங்கள் பெட்ரோல் மிஷின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பணக் கணக்கு "பொறு" என்றது. அக்காவின் கை "பொறுக்க முடியாது" என்றது. நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கணக்காளர் தங்கச்சியே கணக்கைத் திருப்பிப் போட்டாள். சங்கத்தில் 30,000 ரூபாய் உள்கடன், 24 மாதத் தவணை. மாதம் 1,250 கட்ட வேண்டும். மிச்சம் 880 போனால் 370 ரூபாய் துண்டு விழும். ஐந்து பேர் ஆளுக்கு 75 ரூபாய் பங்கில் குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும். வட்டியை வேலை வருமானத்தில் தனியாகக் கட்டுவது, அது நம்ம சங்கத்துக்கேதான் திரும்பி வரும். "ஆளுக்கு எழுபத்தஞ்சு ரூபாய்ல ஒரு கை பொழைக்குதுன்னா கொடுக்க மாட்டமா?" என்றார்கள். தீர்மான நோட்டில் எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம்.

பெட்ரோல் மிஷினை விற்கவில்லை, புதர் வெட்ட மட்டும் எடுக்கிறோம். அப்போது காதுக்கு அடைப்பான், கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஒரு ஆள் 15 நிமிஷத்துக்கு மேல் பிடிப்பதில்லை. அக்கா அதைத் தொடுவதே இல்லை. இப்போது அவருக்குக் கை மரப்பு குறைந்திருக்கிறது. காது இரைச்சல் மட்டும் போகவில்லை. போன காது திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னும் முன்னாலேயே கேட்டிருக்கலாமே என்பது எங்களுக்குத் தீராத வருத்தம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. வோல்ட் எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். முழு சார்ஜில் அளந்து "40 வோல்ட்" என்று எழுதியிருப்பது வேலை நேரத்தில் 36 வோல்ட்தான். வோல்ட்டை ஆம்பியர் அவரால் பெருக்குங்கள். 36 வோல்ட், 4 ஆம்பியர் அவர் என்றால் 144 வாட் அவர். இந்த எண்ணை வைத்துத்தான் இரண்டு மிஷின்களை ஒப்பிட வேண்டும்.
2. பேட்டரி தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று முதலிலேயே கேளுங்கள். பேட்டரி கிடைக்காத மிஷின் வெறும் குச்சி.
3. பேட்டரிக்கு எத்தனை மாதம் வாரன்டி என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.
4. கடையில் வேண்டாம், நம்ம புல்தரையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பேட்டரியைக் காப்பாற்ற

- வேலை முடிந்து சூடாக இருக்கும்போது சார்ஜ் போடக் கூடாது. ஆறிய பிறகு போடுங்கள்.
- வெயிலிலும் அடுப்புக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம்.
- ராத்திரி எல்லோரும் தூங்கும்போது சார்ஜில் விட வேண்டாம். கரண்ட் போகும் நாள் தெரிந்தால் முந்தின நாள் மாலையே போட்டுவிடுங்கள்.
- பல வாரம் வேலை இல்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள்.
- உப்பிய, உடைந்த பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது. பழைய பேட்டரியைக் குப்பையில் போடுவதும் ஆபத்து, தீப்பிடிக்கும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. கடையில் கேட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள்

1. நம்ம குழு எந்த மிஷினை வாரம் எத்தனை மணி நேரம் ஓட்டுகிறது? நோட்டில் எழுதியிருக்கிறோமா?
2. மிஷின் தேய்மானத்துக்கு மாதம் எவ்வளவு எடுத்து வைக்கிறோம்?
3. நம்மில் யாருக்காவது கை மரப்பு, காது இரைச்சல் இருக்கிறதா? யாராவது சொல்லத் தயங்குகிறார்களா?

மூன்றாவது கேள்வியை முதலில் கேளுங்கள் சகோதரிகளே. மிஷின் கெட்டால் கடன் வாங்கி இன்னொன்று வாங்கிவிடலாம்.