சத்திய அணுவிரதமும் வாழ்க்கை வரலாறு எழுதும் முறையும்

ஜிநாகமம் பிரதமாநுயோகம், கரணாநுயோகம், சரணாநுயோகம், திரவியாநுயோகம் என நான்காகப் பகுக்கப்படும் என்பதை நாம் அறிவோம். இவற்றுள் முதலாவதாகிய பிரதமாநுயோகம் சான்றோர்தம் வாழ்க்கையைக் கூறுவது. ஆசார்ய சமந்தபத்திரர் தமது ரத்னகரண்டக சிராவகாசாரத்தில் இதனைச் சரிதம் என்றும் புராணம் என்றும் குறிப்பிடுகின்றார். ஒருவரைப் பற்றியது சரிதம், அறுபத்து மூன்று சலாகா புருஷர்களைப் பற்றியது புராணம் என்று உரையாசிரியர் பிரபாசந்திரர் விளக்குவார். தத்துவ நுட்பங்களைக் கேட்டு மயங்கும் மனமும், ஒருவர் இன்னல் வந்தபோது எவ்வாறு பொறுத்தார், பொருள் கண்டபோது எவ்வாறு ஆசையை அடக்கினார் என்று கேட்குமானால் தெளிவு பெறும். ஸ்ரீபுராணமும் மேருமந்தர புராணமும் யசோதர காவியமும் நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பெற்றது இப்பயன் கருதியே ஆகும்.

சலாகா புருஷர்களின் வரலாற்றை ஆசார்யர்கள் எழுதிவைத்தனர். நம்மிடையே வாழ்ந்து, விரதம் காத்து, ஆரவாரமின்றி முதுமை எய்திய சிராவக சிராவகியரின் வரலாற்றை எழுதுவோர் யார்? வந்தவாசி, செய்யாறு, ஆரணி, போளூர், திண்டிவனம், செஞ்சி வட்டாரச் சிற்றூர்களில் பிறந்து, கல்வியின் பொருட்டும் பணியின் பொருட்டும் புறப்பட்டு வந்து, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் முதலிய தென்புறநகர்ப் பகுதிகளில் குடியமர்ந்தோர் பலர் இன்று முதுமையின் எல்லையில் நிற்கின்றனர். ஊரில் கூப்பிடு தொலைவில் ஜிநாலயம் இருந்தது. கதிரவன் மறையுமுன் உணவு முடிந்தது. நகரிலோ மின்ரயிலில் நின்றுகொண்டே வீடு திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அந்நிலையில் இரவு உண்ணாமையை அவர்கள் எவ்வாறு காத்தனர்? காக்க இயலாத நாளில் என் செய்தனர்? இன்று அதே ரயிலில் பயணம் செய்யும் இளைஞனுக்கு இவ்வனுபவத்தைவிடப் பயனுள்ள பாடம் வேறு யாது? ஆயினும் அது எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.

இவர்களுட் பலர் தம்மைப் பற்றித் தாமே எழுத நாணுவர். சிலருக்குக் கை நடுங்கும். சிலருக்குக் கண் தெரியாது. ஆதலால் மற்றொருவர் உடனிருந்து கேட்டு எழுதுதல் வேண்டும். ஒருவர் வாழ்ந்ததை இன்னொருவர் எழுதும்போது வாய்மை பிறழ வழி உண்டு. அதனைத் தடுப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயும் பொருள்.

முன்னோர் காட்டிய வழி

நம் சமயத்தாருள் தன்வரலாறு எழுதியோர் உண்டு. 1586 ஆம் ஆண்டு ஜௌன்பூரில் பிறந்த பனாரசிதாசர், 1641 ஆம் ஆண்டு ஆக்ராவில் ‘அர்த்தகதானகம்’ என்னும் நூலைச் செய்யுளில் இயற்றினார். மனிதவாழ்வு நூற்றுப்பத்து ஆண்டு எனக் கொண்டு, தாம் வாழ்ந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளைப் பாதிக்கதை என்று அவர் பெயரிட்டார். வாணிகத்தில் நட்டமடைந்ததையும், பிள்ளைகள் ஒன்பதின்மரையும் இழந்ததையும், இளமையில் தாம் புனைந்த சிற்றின்ப நூலைக் கோமதி ஆற்றில் எறிந்ததையும் அவர் மறைக்கவில்லை. இறுதியில் தம் குணங்களோடு குற்றங்களையும் வரிசைப்படுத்தினார். ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் அந்நூலை நம்பிப் படிக்கின்றோம் என்றால், குற்றத்தை மறையாத அவ்வுண்மையே காரணம்.

பிறர் துணையோடு எழுதப்பெற்ற வரலாற்றுக்குத் தமிழில் சிறந்த சான்று டாக்டர் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. அது 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது. முதுமையுற்ற ஆசிரியர்க்கு அவருடைய மாணாக்கர் கி.வா. ஜகந்நாதன் உடனிருந்து உதவினார். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது சமண சமயக் கருத்துகள் தமக்கு விளங்கவில்லை என்பதையும், கும்பகோணத்துச் சைனப் பெருமக்களாகிய சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் சென்று கேட்டுத் தெளிந்ததையும் ஐயர் அவ்வரலாற்றில் மனமுவந்து கூறுகின்றார். சிந்தாமணிப் பதிப்பு 1887 இல் வெளிவந்து பெரும்புகழ் எய்திய பின்னும், அறியாமையைக் கூறவும் கற்பித்தவரைக் குறிப்பிடவும் அவர் தயங்கவில்லை. உடனிருந்து உதவுவோர் பெருமை சேர்க்கும் ஆவலால் அப்பகுதியை நீக்கியிருப்பின், நம் சமூகம் தமிழுக்குச் செய்த தொண்டொன்று மறைந்தே போயிருக்கும்.

அண்மைக் காலத்திலும் இவ்வாறு நிகழ்ந்துள்ளது. பூதான இயக்கத்தில் ஈடுபட்டு, நிலமற்ற ஏழைகட்கு நிலம் பெற்றுத் தந்த காந்தியத் தம்பதியர் சங்கரலிங்கம் ஜகந்நாதன், கிருஷ்ணம்மாள் ஆகியோரின் வாழ்வை லாரா கோப்போ என்னும் இத்தாலியப் பெண்மணி அவர்களோடு உரையாடிக் கேட்டு நூலாக்கினார். அது ‘சுதந்திரத்தின் நிறம்’ என்ற பெயரில் தமிழிலும் வந்துள்ளது. மொழியும் நாடும் வேறாயினும், பொறுமையாகக் கேட்கும் செவி இருப்பின் இப்பணி கைகூடும் என்பதற்கு இது சான்று.

ஐந்து அதிசாரங்கள்

ஆசார்ய உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் சத்திய அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றார். அவற்றின் பொருளைப் பூஜ்யபாதர் சர்வார்த்தசித்தியில் விரித்துரைக்கின்றார. வாணிகம், வழக்கு முதலியவற்றிற்கு உரியனவாக நாம் கருதிவந்த இவ்வைந்தும், பிறர் வரலாறு எழுதுவோர்க்கென்றே வகுத்தவை போலப் பொருந்துவதைக் காண்க.

1. மித்யோபதேசம்: நன்னெறியில் செல்வோரைப் பிறழச் செய்யும் தவறான உபதேசம். எழுபது வயதில் ஒருவர் தசலக்ஷண பருவத்தில் பத்து நாள் உபவாசம் இருந்தார் எனக் கொள்வோம். நான்காம் நாள் தலைசுற்றியது, மருத்துவரைக் கலந்தே தொடர்ந்தார் என்பதை விடுத்து, ‘சிறிதும் சோர்வின்றி இருந்தார்’ என்று எழுதினால், அதனைப் படித்து நோயாளி ஒருவர் அவ்வாறே முயன்று துன்புறக் கூடும். ஊக்கமூட்டுவதற்காகச் சேர்த்த மிகை தீய உபதேசமாய் முடிகின்றது.

2. ரகோப்யாக்யானம்: கணவன் மனைவியர்க்கிடையே தனிமையில் நிகழ்ந்ததை வெளியிடுதல். மனம் திறந்து பேசும் முதியவர் இல்லறத்தின் அந்தரங்கங்களையும் கூறிவிடுவது இயல்பு. கேட்டதெல்லாம் எழுதுவதற்கு உரியதன்று.

3. கூடலேகக் கிரியை: ஒருவர் சொல்லாததையும் செய்யாததையும், அவர் சொன்னதாகவும் செய்ததாகவும் எழுதுதல். எழுத்துத் திறம் உடையோர் மிகவும் அஞ்ச வேண்டிய அதிசாரம் இதுவே. ‘அப்போது வேறு வழி தெரியவில்லை, வந்துவிட்டேன்’ என்று பெரியவர் கூறியதை, ‘உறுதியான நெஞ்சத்தோடு நகரை நோக்கிப் புறப்பட்டேன்’ என்று எழுதுவோமாயின், நடை அழகு பெறும், உண்மை கெடும். வேறு வழி தெரியாமல் வந்தவரும் பின்னர் நன்கு வாழ்ந்தார் என்பதே வழி தெரியாது திகைக்கும் இளைஞனுக்கு ஆறுதல் தரும் செய்தி. அதனை அழகுக்காக நாம் அழித்துவிடலாகாது.

4. நியாசாபகாரம்: அடைக்கலமாக வைத்த பொருளின் அளவை உரியவர் மறந்து குறைவாகக் கேட்கும்போது, ‘ஆம், அவ்வளவே’ என்று கூறி மிகுதியைக் கவர்ந்து கொள்ளுதல். ஒருவர் நம்மிடம் கூறும் வாழ்க்கையும் அடைக்கலப் பொருளே. அதனைக் கொண்டு நாம் புகழ் தேடி, கூறியவர் பெயரைச் சிறிதாக்குவது இக்குற்றத்தின்பாற்படும். பழைய நிழற்படத்தையும் கடிதத்தையும் ‘பார்த்துவிட்டுத் தருகிறேன்’ என்று பெற்றுவந்து திருப்பித் தராமலிருப்பதோ உவமை வேண்டாத நியாசாபகாரம்.

5. சாகாரமந்திரபேதம்: முகக்குறிப்பாலும் உடற்குறிப்பாலும் பிறர் கருத்தை ஊகித்தறிந்து வெளிப்படுத்துதல். பேசிக்கொண்டிருந்த மூதாட்டி ஒரு பெயர் வந்ததும் மௌனமாகி முகம் வாடினார் என்றால், காரணத்தை ஊகித்து எழுத நமக்கு உரிமை இல்லை. பொறாமையால் வெளிப்படுத்துதலைப் பூஜ்யபாதர் குறித்தார். ஆர்வத்தால் வெளிப்படுத்தினும் புண்படுவோர்க்குப் புண் ஒன்றே.

மௌனமும் பொய்யும்

இங்கு ஓர் ஐயம் எழும். முழுவதும் எழுதினால் பிறர் மனம் நோகும், விட்டுவிட்டால் வரலாறு பொய்யாகும், என் செய்வது? பிறர்க்குக் கேடு விளைக்குமாயின் உண்மையையும் பேசலாகாது என்று சமந்தபத்திரர் சத்திய அணுவிரதத்திற்கு இலக்கணம் வகுத்துள்ளார். திருக்குறளின் வாய்மை அதிகாரமும் தீமை பயவாமையையே வாய்மையின் அளவாகக் கொள்கின்றது. ஆயினும் இதனைப் பொய் கூறுவதற்கு இசைவாகக் கொள்ளுதல் தகாது.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்குவோம். தமையனார் நிலத்தை விற்று அனுப்பிய பணத்தால் ஒருவர் படித்துப் பணியில் அமர்ந்தார். பின்னர் எஞ்சிய சொத்தினால் இருவர்க்கும் வழக்கு நேர்ந்து, இரு குடும்பங்களும் பேசுவதில்லை. இப்போது பிள்ளைகள் வரலாறு எழுதுகின்றனர். தமையனார் பெயரையே நீக்கி, ‘தம் சொந்த முயற்சியால் உயர்ந்தார்’ என்று எழுதினால் அது கூடலேகம். செய்ந்நன்றி மறத்தலும் ஆகும். வழக்கின் கசப்பு முழுவதையும் எழுதினால் ஆறிவரும் புண்ணைக் கீறுவதாகும். தமையனார் செய்த உதவியை முழுமையாக எழுதி, வழக்கைப் பற்றி வாளாவிருத்தலே நெறி. மௌனம் தகும், மாற்றி எழுதுதல் தகாது. ஒன்றை விடுவதால் எஞ்சியது பொய்யாகிவிடும் என்றால், அப்பகுதி முழுவதையும் விட்டுவிடுதல் நன்று. இவ்வாறு எழுதப்பெற்ற ஏடு தமையனார் இல்லத்தையும் சென்றடையும். அங்குள்ளோர் அதனை நாணாமலும் சினவாமலும் படிக்கக் கூடுமா என்பதே நமக்கு உரைகல்.

செய்யும் முறை

ஒரே நாளில் அனைத்தையும் கேட்டு முடிக்க முயலுதல் கூடாது. பெரியவரின் உடல்நிலை அறிந்து, ஒரு மணி நேரத்திற்கு மிகாமல், பல நாள் அமர்க. அவர் இசைவு பெற்றுக் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்க. பெரியோர் ஆண்டுகளை மறப்பர், நிகழ்ச்சிகளை மறவார். ஆதலால் அனைவரும் அறிந்த நிகழ்ச்சிகளை நடுகல்லாக வைத்து வினவுக. சிரவணபெளகுளத்தில் மகாமஸ்தகாபிஷேகம் 1967, 1981, 1993, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்றது. பகவான் மகாவீரரின் 2500 ஆம் நிர்வாண ஆண்டுவிழா 1974 இல் தொடங்கியது. தாம்பரத்திற்கு மீட்டர்பாதை மின்ரயில் ஓடியது 2004 வரை. முடிச்சூர்ப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது 2015 டிசம்பரில். ‘அதற்கு முன்னரா, பின்னரா?’ என்று கேட்டால் ஆண்டு தானே விளங்கும். பள்ளிச் சான்றிதழ், பணிப் பதிவேடு, கிரயப் பத்திரம், திருமண அழைப்பிதழ் ஆகியவற்றோடு ஒப்புநோக்குக.

ஆடவர் வரலாற்றில் பெண்டிரை ஒரு வரியில் முடித்துவிடும் வழக்கம் ஒழிதல் வேண்டும். நீர் வடிகட்டியதும், பருவ நாள்களில் கிழங்கு வகை விலக்கிச் சமைத்ததும், பிள்ளைகட்கு நவகாரம் கற்பித்ததும் பெரும்பாலும் அவர்களே. அவர்களைத் தனியே அமர்ந்து கேட்டல் கடமையாகும்.

எழுதி முடித்தபின் உரக்கப் படித்துக்காட்டுக. ‘இது நான் சொன்னதுதான்’ என்று அவர் கூறும் வரை அச்சுக்குத் தருதல் கூடாது. நீக்குமாறு கூறியதை நீக்குக. கூறியவர் இன்னார், எழுதியவர் இன்னார் என்று இரண்டு பெயரையும் குறிக்க. பதிவின் படியொன்றை அக்குடும்பத்தாரிடம் ஒப்படைக்க.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. சரிதம், புராணம் ஆகியவற்றிடையே உள்ள வேறுபாடு யாது?
2. பிறர் வரலாறு எழுதுகையில் கூடலேகக் கிரியை நேரும் வகைகளைக் கூறுக.
3. மௌனம் எப்போது தகும்? எப்போது அது பொய்யாகும்?
4. உங்கள் இல்லத்தில் முதியவர் ஒருவர் நகருக்கு வந்த பின் விரதத்தைக் காத்த முறையைக் கேட்டு, அவர் சொற்களிலேயே ஒரு பக்கம் எழுதி, அவர்க்குப் படித்துக்காட்டுக.

நான்காவது வினாவிற்கு விடை எழுதும் பணியை நாளை என ஒத்திவைத்தல் வேண்டா. வினாவிற்கு உரிய விடையைக் கூறவல்லவர் இன்று நம் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருக்கின்றார்.

ஜிநதருமம் வளர்க!