சட்டம் தேடும் கணிப்பொறி

ஒரு நாட்டின் சட்டங்களும் தீர்ப்புகளும் ஆண்டுதோறும் குவிந்துகொண்டே இருக்கின்றன. ஒரு வழக்குக்குத் தேவையான பகுதியை இவற்றுள் எவ்வாறு கண்டெடுப்பது?

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஹார்ட்டி என்ற வழக்கறிஞர், 1950-களின் இறுதியில் பென்சில்வேனியா மாநிலத்தின் நலவாழ்வுச் சட்டங்களைத் துளையிட்ட அட்டைகளின் வழியாகக் கணிப்பொறியில் ஏற்றினார். 1960-இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கக் கூட்டத்தில் அந்தத் தேடலைச் செய்தும் காட்டினார்.

கணிப்பொறி பக்கம் பக்கமாகப் புரட்டுவதில்லை. ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த ஆவணங்களில் உள்ளது என்ற அடைவை முன்னதாகவே தயாரித்து வைத்துக்கொள்கிறது. 'நிலம்' என்ற சொல் 2, 7, 9, 20 ஆகிய எண்ணுள்ள ஆவணங்களிலும், 'குத்தகை' 3, 7, 12, 20 ஆகியவற்றிலும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டும் சேர்ந்து வருபவை 7, 20. கணக்குப் பாடத்தில் நீங்கள் படித்த கணங்களின் வெட்டுதான் இது!

ஆனால் இம்முறையில் ஒரு குறை உண்டு. பிளேர், மாரன் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரு பெரிய வழக்குக்காகச் சேர்த்த சுமார் 40,000 ஆவணங்களில் நடந்த தேடலைச் சோதித்து, 1985-இல் முடிவை வெளியிட்டனர். தேவையானவற்றுள் 75 சதவீதமாவது கிடைத்துவிட்டது என்று வழக்கறிஞர்கள் நம்பினார்கள். உண்மையில் கிடைத்தது சராசரியாக 20 சதவீதமே! சிக்காமல் போனவற்றை எப்படி அறிந்தார்கள்? தேடலில் வராத ஆவணங்களிலிருந்து மாதிரிகளை எடுத்து, இன்னவை என்று சொல்லாமல் அவ்வழக்கறிஞர்களிடமே கொடுத்து மதிப்பிடச் செய்தார்கள்.

காரணம் என்ன? 'விபத்து' என்று தேடினால், அதையே 'நிகழ்ச்சி', 'நிலைமை', 'சிக்கல்' என்று குறிப்பிட்ட கடிதங்கள் அகப்படா.

இன்றைய முறையில் ஒவ்வொரு சொற்றொடரும் பல நூறு கூறுகள் கொண்ட ஒரு வெக்டராக மாற்றப்படுகிறது. பொருள் நெருங்கினால் வெக்டர்களுக்கு இடைப்பட்ட கோணம் குறையும். கோணத்தின் கொசைன் மதிப்பு 1-ஐ நெருங்கும். ஆகவே சொல் வேறுபட்டாலும் ஆவணம் கிடைக்க வாய்ப்பு உண்டு.

தேடும் பொறி வேறு, வாக்கியம் புனையும் பொறி வேறு. 2023-இல் நியூயார்க்கில் இரு வழக்கறிஞர்கள், சாட் ஜிபிடி தந்த, எங்குமே இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டினர். அவர்களுக்கும் அவர்களது நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து எழுதும் பொறி, அத்தீர்ப்பு உண்மையில் உண்டா என்று தானாகச் சரிபார்ப்பதில்லை. மூலத்தைப் பார்ப்பது நம் பொறுப்பு. இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை எவரும் கட்டணமின்றிப் படிக்க, 2023 ஜனவரியில் இ-எஸ்.சி.ஆர். என்ற மின்தொகுப்பு தொடங்கப்பட்டது.

மாணவர்களே, ஒரு கணக்கு: தேடலில் 50 ஆவணங்கள் கிடைத்தன. அவற்றுள் பொருத்தமானவை 40. தொகுப்பு முழுவதிலும் பொருத்தமானவை 160. கிடைத்தவற்றுள் பொருத்தமானவை எத்தனை சதவீதம்? பொருத்தமானவற்றுள் கிடைத்தவை எத்தனை சதவீதம்? இவ்விரண்டில் எது தேடியவரின் கண்ணுக்குத் தெரியும்?