சீமைக் கருவேலம் அகற்றப் போகிறவர்களுக்கு

மெக்சிகோ, தென் அமெரிக்கப் பகுதிகளுக்கு உரிய சீமைக் கருவேலம் 1870களில் இந்தியாவுக்கு வந்தது. பிறகு விறகுக்கும் வேலிக்கும் என்று தமிழ்நாடெங்கும் பரப்பினார்கள். இன்று இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் கண்மாய்களையும் முட்புதர்க்காடுகளையும் அடைத்து நிற்கிறது. அதை அகற்றத் தன்னார்வலர்கள் திரள்வது நல்ல செய்தி. ஆனால் நாட்டுச் செடிகள் திரும்பி வந்தால்தான் அந்த வேலை முடிந்ததாகும்.

செய்ய வேண்டியவை

• நிலம் யாருடையது என்று கேட்டு, ஊராட்சி, நீர்வளத் துறை, வனத்துறை என உரியவரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள்.

• மரத்தை அடையாளம் காணப் பழகுங்கள். சீமைக் கருவேலத்தின் பூ நீண்ட கதிராக இருக்கும். நெற்று பழுத்தால் மஞ்சளாகும். நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் உருண்டை. நெற்று மணி கோத்ததுபோல் இடையிடையே ஒடுங்கியிருக்கும். வன்னி, வெள்வேல், உடை ஆகிய நாட்டு மரங்களை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, வெட்டுப்படாமலிருக்கத் துணிகட்டிக் குறியிடுங்கள்.

• நாட்டுச் செடிகள் செழித்திருக்கும் இடத்தில் தொடங்கி, அடர்ந்த சீமைக் கருவேலத்தை நோக்கி நகருங்கள். சிட்னியில் 1960களில் களை அகற்றப் பிராட்லி சகோதரிகள் கடைப்பிடித்த முறை இது. விதை தர நாட்டுச் செடி அருகிலேயே இருப்பதால் காலியான இடம் தானாக நிரம்பும்.

• கன்றுகளை மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது பிடுங்குங்கள். பெரிய மரமானால் சுற்றிலும் ஓரடி ஆழம் தோண்டித் தூரோடு எடுங்கள்.

• தடித்த அடியுள்ள காலணி, கையுறை அணியுங்கள். கிளைகளைக் கவைக்கம்பால் தள்ளுங்கள். முள் ஆழமாகத் தைத்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

• வெட்டிய மரத்தைக் கரி மூட்டம் போடுபவர்களுக்குக் கொடுங்கள். இந்த மரத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

செய்யக்கூடாதவை

• தரைமட்டத்தில் வெட்டிவிட்டுப் போகாதீர்கள். தூரிலிருந்து பல கிளைகள் வெடித்து முன்னிலும் அடர்த்தியாகும்.

• பறவைகள் கூடு கட்டியிருக்கும் மரத்தைத் தொடாதீர்கள். குஞ்சுகள் பறக்கும்வரை பொறுங்கள்.

• கண்மாய்க் கரையை மழைக்காலத்துக்கு முன் ஒரேயடியாக மொட்டையடிக்காதீர்கள், மண் சரியும்.

• புதர்க்காட்டுக்குள் ஜேசிபியை விடாதீர்கள். இலந்தை, சூரை, முட்சங்கு, காரை எல்லாம் சேர்ந்தே அழியும். கிளறிய மண்ணில் முதலில் முளைப்பது சீமைக் கருவேல விதைதான்.

• தூரில் டீசலோ அமிலமோ ஊற்றாதீர்கள். குப்பையைக் காட்டுக்குள் கொளுத்தாதீர்கள்.

• நெற்று உதிர்ந்து கிடக்கும் இடத்தில் ஆடுமாடுகளை மேய விடாதீர்கள். சாணத்தோடு விதை அடுத்த ஊருக்கும் போகும்.

• வெற்றிடம் கண்ணை உறுத்துகிறதே என்று நிழல்மரக் கன்றுகளை நடாதீர்கள். புதர்க்காடு வெயில் விழும் காடு. குட்டைச் செடியும் புல்லும்தான் அதன் இயல்பு.

• ஒரு நாள் வேலையோடு கைகழுவாதீர்கள். விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் வந்து கன்றுகளைப் பிடுங்குங்கள்; முளைத்திருக்கும் நாட்டுச் செடிகளை எண்ணிக் குறித்து வையுங்கள். அந்த எண்ணிக்கை ஏறிய பிறகே அடுத்த பகுதியில் கை வையுங்கள்.